கம்மின்ஸ் என்ஜின் ஆலையும் கொலம்பஸ் என்ற சின்ன ஊரும்: ஜே. இர்வின் மில்லர் வாழ்ந்த விதம்

கேள்வி இதுதான்: "ஒரு உற்பத்தி ஆலையில் மேலாளராக இருக்கிறேன். கம்பெனியின் சமூகப் பணியும் என் பொறுப்பில்தான் வருகிறது. பள்ளிக்கு பெஞ்சு வாங்கிக் கொடுப்பது, மருத்துவ முகாம் நடத்துவது என்ற அளவைத் தாண்டி, ஆலையையும் நன்றாக நடத்தி ஊருக்காகவும் உண்மையாக வாழ்ந்த நிர்வாகி யாராவது உண்டா? ஓய்வு பெற்ற பிறகுதான் இதெல்லாம் முடியுமா?"

உண்டு. என்னைக் கேட்டால் முதலில் சொல்வது ஜே. இர்வின் மில்லரைத்தான். பெயர் புதிதாக இருக்கலாம், அவர் நடத்திய கம்பெனியின் பெயர் நிச்சயம் தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், கல்யாண மண்டபத்து ஓரம், கரண்ட் போனதும் ஓடத் தொடங்கும் ஜெனரேட்டர்களில் கம்மின்ஸ் என்று எழுதியிருக்குமே, அந்தக் கம்மின்ஸ்தான். 1934ல் அதன் பொது மேலாளராகச் சேர்ந்து, 1951 முதல் 1977 வரை தலைவராக இருந்தவர். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கொலம்பஸ் என்ற சின்ன ஊர், ஒஹாயோவில் இருக்கும் பெரிய கொலம்பஸ் வேறு. மில்லர் பிறந்தது 1909ல் அந்த ஊரில், இறந்ததும் 2004ல் அதே ஊரில், 95 வயதில். கம்பெனியின் தலைமையகமும் இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

அவர் கதைக்கு முன் கம்பெனியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொறுமை என்ற குணம் அவருக்கு அந்த வீட்டிலிருந்தே வந்தது என்று நான் நம்புகிறேன். மில்லருடைய தாய்வழிக் குடும்பம் இர்வின் குடும்பம், ஊரில் பாங்கு நடத்தியவர்கள். அவர்கள் வீட்டுக் காரை ஓட்டிப் பழுதுபார்த்துக் கொண்டிருந்தவர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். பெரிய படிப்பு கிடையாது, ஆனால் கையில் அபாரமான வித்தை. டீசல் என்ஜின் மேல் அவருக்குப் பைத்தியம். மில்லரின் பெரிய தாத்தா முறையான டபிள்யூ.ஜி. இர்வின் பணம் போட, 1919ல் கம்பெனி தொடங்கியது. முதலில் ஒரு டச்சுக் கம்பெனியின் உரிமத்தில் விவசாயிகளுக்கான சின்ன ஆயில் என்ஜின் செய்தார்கள், சியர்ஸ் கம்பெனி தபால் வழியாக விற்றது, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்று சியர்ஸ் சொல்லியிருந்ததால் ஏராளமான என்ஜின்கள் திரும்பி வந்து நஷ்டம். 1929 கிறிஸ்துமஸ் அன்று கிளெஸ்ஸி ஒரு பழைய பேக்கார்டு காரில் டீசல் என்ஜினைப் பொருத்தி, இர்வினை உட்கார வைத்து ஓட்டிக் காட்டினார். 1931ல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் இவர்களுடைய டீசல் கார் எரிபொருளுக்காக ஒருமுறைகூட நிற்காமல் ஓடி முடித்தது. புகழ் வந்தது, லாபம் மட்டும் வரவில்லை. கம்பெனி முதல் லாபத்தைக் கண்டது 1937ல். அதாவது 18 வருஷம் ஒரு குடும்பம் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு ஓர் ஆலையைக் காப்பாற்றியிருக்கிறது.

அந்த ஆலைக்குள் 1934ல் மில்லர் வந்தபோது அவருக்கு 25 வயது. யேல் பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் லத்தீனும் படித்து, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் கல்லூரியில் தத்துவம், அரசியல், பொருளாதாரம் படித்தவர். எஞ்சினியர் கிடையாது. பைபிளின் புதிய ஏற்பாட்டை மூல கிரேக்கத்திலேயே வாசிப்பவர், நன்றாக வயலின் வாசிப்பவர், அவரிடம் இருந்தது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ் வயலின். இப்படி ஒரு ஆள் ஆலையின் பொது மேலாளர் என்றால் தொழிலாளிகள் என்ன நினைத்திருப்பார்களோ, ஆனால் அடுத்த சில வருஷங்களில் நடந்தது முக்கியம். 1930களின் பிற்பாதியில் அமெரிக்கா முழுக்கத் தொழிற்சங்கங்கள் எழுந்தன, பல ஊர்களில் முதலாளிகள் அடியாட்களை வைத்து உடைத்தார்கள். கம்மின்ஸில் சங்கம் அமைந்தபோது மில்லர் அதோடு பேசினார், ஒப்பந்தம் போட்டார். பெரிய கம்பெனியை வலுவான சங்கம் இல்லாமல் எப்படி நடத்துவது என்றே தனக்குத் தெரியாது, நிர்வாகத்துக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி, நம் அதிகாரிகள் நம்மிடம் சொல்லத் தயங்குவதைச் சங்கம் சொல்லிவிடும் என்பது அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்ன கருத்து.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊர்ப் பணி என்றதும் நாம் ஆலையின் கேட்டுக்கு வெளியே பார்க்கிறோம். மில்லர் கேட்டுக்கு உள்ளேதான் தொடங்கினார். உள்ளே இருப்பவர்களிடம் கண்ணியமாக நடக்காத ஆலை வெளியே எத்தனை தண்ணீர்த் தொட்டி கட்டினாலும் அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், ஏனென்றால் உள்ளே வேலை செய்பவர்களும் அவர்கள் வீட்டு ஆட்கள்தானே.

இரண்டாம் உலகப் போரில் மில்லர் கடற்படையில் சேர்ந்து, பசிபிக்கில் லேங்லி என்ற விமானம் தாங்கிக் கப்பலில் இருந்தார். 1943ல் ஸீனியா சைமன்ஸைத் திருமணம் செய்துகொண்டார், பிள்ளைகள் ஐந்து பேர். டபிள்யூ.ஜி. இர்வின் 1943ல் இறந்துபோக, மில்லர் திரும்பி வந்து முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார்.

சரி, இப்போது ஊருக்கு வருவோம்.

போருக்குப் பின் அமெரிக்கா முழுக்கக் குழந்தைகள் பெருகினார்கள். கொலம்பஸில் 1950ல் இருபதாயிரத்துக்கும் குறைவான மக்கள்தான், ஆனாலும் பள்ளிகள் போதவில்லை. அவசரத்தில் மலிவாகக் கட்டிய கட்டடம் யாருக்கும் திருப்தியாக இல்லை. இந்த நேரத்தில்தான் மில்லர் ஒரு யோசனை வைத்தார். 1954ல் அமைத்திருந்த கம்மின்ஸ் அறக்கட்டளை பள்ளிக் கட்டடத்துக்கான ஆர்க்கிடெக்ட் கட்டணத்தை மட்டும் கொடுக்கும், கட்டடச் செலவு ஊர் வரிப்பணத்திலிருந்துதான். நிபந்தனை ஒன்று. நாட்டின் சிறந்த ஆர்க்கிடெக்டுகள் ஐந்தாறு பேர் கொண்ட ஒரு பட்டியல் தரப்படும், அதிலிருந்து ஒருவரைப் பள்ளி வாரியமே தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலைத் தயாரிப்பதும் மில்லர் இல்லை, துறையில் பெயர் பெற்ற வெளியாட்கள். வரைபடத்தில் அறக்கட்டளை கை வைக்காது.

1957ல் ஹாரி வீஸ் வடிவமைத்த லில்லியன் ஷ்மிட் தொடக்கப்பள்ளி வந்தது. பெரிய மாளிகை ஒன்றும் இல்லை, கூரான கூரை வைத்த வகுப்பறைகள், குழந்தையின் உயரத்துக்கு ஏற்ற அளவுகள். ஊருக்குப் பிடித்துப்போனது. அடுத்த பள்ளி, அதற்கடுத்த பள்ளி என்று போய், பிறகு பள்ளிகளோடு நிற்காமல் எல்லாப் பொதுக் கட்டடங்களுக்கும் திட்டம் விரிந்தது. தீயணைப்பு நிலையம் ஒன்றை ராபர்ட் வெஞ்சுரி செய்தார். தபால் நிலையத்தைக் கெவின் ரோச் செய்தார். ஒரு மனநல மருத்துவமனையை ஜேம்ஸ் போல்ஷெக் ஓடைக்குக் குறுக்கே பாலம் மாதிரி கட்டினார். 1969ல் ஐ.எம். பெய் வடிவமைத்த பொது நூலகம் திறந்தது, பிற்பாடு பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துக்குக் கண்ணாடிப் பிரமிடு அமைத்த அதே பெய்தான். அதற்கு முன்னால் நிற்கும் பெரிய வளைவுச் சிற்பம் ஹென்றி மூருடையது, 1971ல் வைத்தது, மில்லர் தம்பதியின் அன்பளிப்பு. நூலகத்தின் பெயர் என்ன தெரியுமா? கிளியோ ரோஜர்ஸ் நினைவு நூலகம். அந்தப் பெண்மணி அங்கே பல்லாண்டு வேலை பார்த்த நூலகர். பணம் கொடுத்த குடும்பத்தின் பெயரை வைக்க எந்தத் தடையும் இல்லாத இடத்தில் ஒரு நூலகரின் பெயர் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள். இன்று ஐம்பதாயிரம் பேர் அளவில் இருக்கும் அந்த ஊரை, கட்டடக் கலைக்காக அமெரிக்க ஆர்க்கிடெக்டுகள் அமைப்பு ஒருமுறை நாட்டின் ஆறாவது இடத்தில் வைத்தது. அதற்கு மேலே இருந்தவை சிகாகோ, நியூயார்க் மாதிரியான பெருநகரங்கள். ஊரில் ஏழு கட்டடங்கள் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன.

நீங்கள் கேட்கலாம், சமூகப் பணி என்று சொல்லிவிட்டுக் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறாயே, ஏழைக்குச் சோறு போட்டாரா என்று. நியாயமான கேள்வி. மில்லர் என்ன நினைத்தார் என்றால், ஒரு பிள்ளை தினமும் ஏழெட்டு மணி நேரம் இருக்கும் இடம் ஒழுங்காக, வெளிச்சமாக, மரியாதையாக இருக்க வேண்டும், வசதி உள்ளவன் பிள்ளைக்குத் தனிப் பள்ளியில் கிடைப்பது பொதுப் பள்ளியிலேயே எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். அரைகுறையான வேலைதான் கடைசியில் அதிகச் செலவு வைக்கும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. என்ஜின் ஆலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், மட்டமான பேரிங்கைப் போட்டு மிச்சம் பிடித்தவன் கதை எல்லா ஆலையிலும் இருக்கும். 1964ல் கம்பெனி செலவில் ஆட்டர் கிரீக் என்ற கோல்ஃப் மைதானத்தை ஊருக்கு எழுதிக் கொடுத்தபோது, லாபத்துக்காக நடக்கும் கம்பெனி பத்து லட்சம் டாலருக்கு மேல் எடுத்து இப்படி ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வியை அவரே மேடையில் எழுப்பிப் பதில் சொன்னார். சாரம் இதுதான்: இந்த ஊர் நாட்டிலேயே மலிவான ஊராக இருப்பதை நாங்கள் விரும்பவில்லை, இந்த அளவுள்ள ஊர்களில் மிகச் சிறந்ததாக இருப்பதையே விரும்புகிறோம். ஓர் ஆலை முதலாளி, வரி ஏறினாலும் பரவாயில்லை, ஊர் நன்றாக இருக்கட்டும் என்று பொதுவில் சொல்வது அப்போதும் அபூர்வம், இப்போதும் அபூர்வம்.

இதில் கம்பெனிக்கும் லாபம் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. சின்ன ஊருக்கு நல்ல எஞ்சினியர்கள் வர மாட்டார்கள், வந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளி நன்றாக இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். மில்லருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் அவர் செய்தது சுயநலம் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அந்த வாதம் ஒப்புக்கொள்ள முடியாததாகவே இருக்கிறது. ஊரின் நன்மையும் கம்பெனியின் நன்மையும் ஒன்றாக வருகிற இடத்தைத் தேடிப் பிடித்தது அவருடைய புத்திசாலித்தனம், அதோடு அந்த இரண்டும் ஒன்றாக வராத இடங்களிலும் அவர் நின்றிருக்கிறார். அதைத்தான் அடுத்து சொல்கிறேன்.

மில்லர் ஆழமான கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். 1960ல் அமெரிக்கத் திருச்சபைகளின் தேசியக் கவுன்சிலுக்குத் தலைவரானார். அதுவரை அந்தப் பதவியில் பாதிரியார் அல்லாத ஒருவர் இருந்ததே கிடையாது. அந்த நேரத்தில் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் ஓட்டுரிமைக்கும் சம உரிமைக்கும் அடிவாங்கிக்கொண்டிருந்தார்கள். பல சபைகளில் இதைப் பற்றிப் பேசவே தயக்கம், வெள்ளையரான உறுப்பினர்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். மில்லர் தலைமையில் 1963ல் கவுன்சில் மதமும் இனமும் குறித்த ஓர் ஆணையத்தை அமைத்து நேரடியாகக் களத்தில் இறங்கியது. அந்த ஆகஸ்ட் 28ல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய மாபெரும் பேரணிக்கு ஆதரவு திரட்டியதில் கவுன்சிலுக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு 1964 சிவில் உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் இழுபட்டபோது, மத்திய மேற்கு மாநிலங்களின் உறுப்பினர்களுடைய ஓட்டு தீர்மானிக்கும் நிலை வந்தது. அங்கே கறுப்பின வாக்காளர்கள் குறைவு, ஆனால் சபைகளுக்குச் செல்வாக்கு அதிகம். சபை மக்கள் தங்கள் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார்கள், நேரில் போய்க் கேட்டார்கள். மில்லர் அந்தப் பகுதிக்காரர், அதுவும் குடியரசுக் கட்சிக்காரர். அவர் பேச்சை ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

லாரி என்ஜின் விற்கும் ஒருவருக்கு இதனால் வியாபாரத்தில் ஒரு பைசா நன்மை கிடையாது. வாடிக்கையாளர்களில் இதை வெறுத்தவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள், திருச்சபைக் கவுன்சிலையே கம்யூனிஸ்டு கூடாரம் என்று ஏசியவர்கள் அப்போது நாடெங்கும் இருந்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. கிங்கே அவரை நாட்டின் முற்போக்கான தொழிலதிபர்களில் முதன்மையானவராகப் பாராட்டியிருக்கிறார்.

பேச்சோடு விட்டுவிடவும் இல்லை. 1967ல் ஜேம்ஸ் ஜோசப் என்ற கறுப்பின இளைஞர், சிவில் உரிமைப் போராட்டத்தில் இருந்த பாதிரியார், அறக்கட்டளைப் பணிக்கு வந்தார், பிறகு அதன் தலைவரானார், கம்பெனியின் துணைத் தலைவரும் ஆனார். பல வருஷம் கழித்து, இனவெறி ஆட்சி ஒழிந்த தென்னாப்பிரிக்காவுக்கு அமெரிக்கத் தூதராகப் போனவர் அவர்தான். போராட்டக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் கம்பெனியின் பணப்பெட்டிச் சாவியைக் கையில் கொடுப்பதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

1967 அக்டோபரில் எஸ்க்வயர் பத்திரிகை மில்லரின் படத்தை அட்டையில் போட்டு, அமெரிக்காவின் அடுத்த ஜனாதிபதியாக வேண்டியவர் இவர் என்று எழுதியது. அவர் போட்டியிடவில்லை. ஜனாதிபதி ஜான்சன் கேட்டபோது மருத்துவத் துறையில் ஆள் பற்றாக்குறை குறித்த ஆணையத்துக்கும், சோவியத் நாடுகளுடன் வர்த்தகம் குறித்த குழுவுக்கும் தலைமை தாங்கினார். யேல் நிர்வாகக் குழு, ஃபோர்டு அறக்கட்டளை என்று இன்னும் பல இருக்கின்றன, அவற்றை விட்டுவிடுகிறேன்.

பணக் கணக்கு உங்களுக்கு உபயோகப்படும். அமெரிக்கச் சட்டம் 1935 முதல், கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் 5 சதவீதம் வரை நன்கொடை கொடுத்தால் அதற்கு வரிவிலக்கு தந்தது. கொடுத்தே ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை, பெரும்பாலான கம்பெனிகள் அந்த உச்சத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. கம்மின்ஸ் வரிக்கு முந்தைய லாபத்தில் அந்த முழு 5 சதவீதத்தையும் கொடுத்தது. நம் நாட்டில் 2013 கம்பெனிச் சட்டத்தின் 135வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். நீங்கள் பார்க்கும் சி.எஸ்.ஆர். (கம்பெனியின் சமூகப் பொறுப்பு) வேலை அதிலிருந்துதான் வருகிறது. சட்டம் கேட்டதால் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் மார்ச் மாதம் வந்ததும் மிச்சப் பணத்தை எங்கே தள்ளுவது என்று அலைவதும், பத்து வருஷம் பின்னால் இந்த ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்துக் கொடுப்பதும் ஒன்றாகாது. மில்லரிடம் கற்க வேண்டியது சதவீதத்தைவிட அந்த நீண்ட பார்வையைத்தான்.

இந்தியத் தொடர்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் தலைவராக இருந்தபோதுதான், 1962ல், புனேயில் கிர்லோஸ்கர் கம்மின்ஸ் தொடங்கியது, இன்றைய கம்மின்ஸ் இந்தியா அதுதான். அதே புனேயில் 1991ல் கம்மின்ஸ் ஆதரவோடு, கர்வே ஸ்திரீ சிக்ஷண சன்ஸ்தா பெண்களுக்கென்றே ஒரு பொறியியல் கல்லூரியைத் தொடங்கியது. எஞ்சினியரிங் படிக்கும் பெண்கள் இன்றைவிட மிகக் குறைவாக இருந்த காலம் அது. மில்லர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார், ஆனால் கம்பெனியில் அவர் ஊன்றிய பழக்கம் கடல் தாண்டியும் வேலை செய்தது என்று சொன்னால் மிகையில்லை.

இனி மறுபக்கம். இதைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு நான் பாதிப் பதில்தான் தந்தவனாவேன்.

ஓர் ஊர் ஒரே கம்பெனியை நம்பி இருப்பது ஆபத்து. ஊரில் எது நடந்தாலும் பெரிய வீட்டைப் பார்த்துவிட்டுப் பேசும் பழக்கம் வந்துவிடும். மில்லர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தச் சிக்கல் இருந்தது, அதனால்தான் பட்டியலும் தேர்வும் தன் கையில் இல்லாதபடி அமைத்தார் என்பது என் எண்ணம். பாதி தீர்வு, முழுத் தீர்வு இல்லை. 1980களில் ஜப்பான் கம்பெனிகள் அமெரிக்க லாரி என்ஜின் சந்தையில் நுழையப் பார்த்தபோது கம்மின்ஸ் 1984ல் புது என்ஜின்களின் விலையைக் கணிசமாகக் குறைத்தது, நஷ்டம் வந்தது, ஆட்குறைப்பும் நடந்தது. கொலம்பஸில் அது பல குடும்பங்களைப் பாதித்தது. அழகான நூலகம் வேலை போனவனுக்குச் சம்பளம் தராது.

அந்தக் கஷ்டத்தின் நடுவில் 1989ல் ஹான்சன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் கம்மின்ஸின் எட்டு சதவீதத்துக்கு மேற்பட்ட ஷேர்களை வாங்கிப்போட்டது. கம்பெனிகளை வாங்கித் துண்டுபோட்டு விற்பதில் ஹான்சனுக்கு அப்போது பெயர் இருந்தது. மில்லருக்கு வயது 80. அவரும் குடும்பத்தாரும் சுமார் 7.2 கோடி டாலர் கொடுத்து, சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து, அந்த ஷேர்களைத் தாங்களே வாங்கினார்கள். ஹான்சன் கம்பெனியை முழுதாக வாங்க வந்திருந்தால் மில்லர் குடும்பத்துக்குப் பெரும் லாபம் கிடைத்திருக்கும், அதைவிட்டுச் சொந்தக் காசை நஷ்டப்பட்டுக் கம்பெனி தனித்து நிற்க வழி செய்தார்கள். ஐம்பது கட்டடங்களையும் ஒரு பக்கம் வைத்து, இந்த ஒரு செயலை மறுபக்கம் வைத்தால், எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. முன்னதில் கம்பெனிப் பணம் இருந்தது, இதில் முழுக்கச் சொந்தப் பணம், அதுவும் யாரும் கேட்காமல்.

கட்டடங்களுக்கும் வயதாகிறது. பராமரிப்பு பெரிய செலவு. ஈரோ சாரினென் வடிவமைத்து 1964ல் முடிந்த நார்த் கிறிஸ்டியன் தேவாலயம், வானைத் தொடும் ஊசிக்கோபுரத்தோடு உலகப் புகழ் பெற்றது, மில்லரே உறுப்பினராக இருந்த சபை. உறுப்பினர் குறைந்துபோய் 2022ல் அந்தச் சபை கலைந்துவிட்டது, கட்டடம் ஊர் நூலகத்தின் பொறுப்புக்குப் போனது. இன்னொன்று, நிறுவனம் நிறுவியவர்களின் குணத்தை எப்போதும் சுமந்துகொண்டு போகாது. புகை வெளியேற்ற விதிகளை மீறும் கருவிகளைச் சில பிக்கப் டிரக் என்ஜின்களில் வைத்த குற்றச்சாட்டில் கம்மின்ஸ் 2023 டிசம்பரில் 167.5 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது, அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்டதிலேயே மிகப் பெரிய அபராதம் அது. மில்லர் இறந்து 19 வருஷம் கழித்து நடந்தது. வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் போட்ட நல்ல வழி தானாக நிலைக்கும் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்காகவாவது உங்கள் மாதிரி பொறுப்பில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகுதான் முடியுமா என்ற உங்கள் கேள்வி மிச்சம் இருக்கிறது. மில்லரின் வயதுகளைப் பாருங்கள். ஊரின் முதல் நவீன தேவாலயத்துக்கு ஈரோ சாரினெனின் அப்பாவான ஆர்க்கிடெக்ட் எலியல் சாரினெனைக் கொண்டுவரும் முயற்சியில் வீட்டாரோடு அவர் இறங்கியபோது வயது 30 இருக்கும், கம்பெனி அப்போதுதான் லாபம் காணத் தொடங்கியிருந்தது. பள்ளித் திட்டம் வந்தபோது 48. திருச்சபைக் கவுன்சில் தலைவரானபோது 51. இந்த எல்லா நாட்களிலும் அவர் முழுநேரமாக ஆலையை நடத்திக்கொண்டிருந்தார், அந்த வருஷங்களில்தான் கம்மின்ஸ் உலகின் முன்னணி டீசல் என்ஜின் தயாரிப்பாளர்களில் ஒன்றாக வளர்ந்தது. எனவே காத்திருக்க வேண்டாம்.

நடைமுறையில் எங்கே தொடங்கலாம் என்றால், அவருடைய அந்த முதல் யோசனையை அப்படியே எடுத்துப் பாருங்கள். உங்கள் ஆலைக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு பஞ்சாயத்தோ அரசுப் பள்ளியோ கட்டடம் கட்டப் போகிறது என்றால், கட்டடத்துக்குப் பணம் அரசிடமிருந்து வரும், ஆனால் நல்ல ஆர்க்கிடெக்டை வைத்து அந்த இடத்து வெயில், காற்று, மழை பார்த்து வடிவமைக்கப் பணம் இருக்காது. அந்தக் கட்டணத்தை மட்டும் உங்கள் கம்பெனி ஏற்க முடியுமா, கட்டடம் கட்டும் துறை அதற்கு இடம் கொடுக்குமா என்று முதலில் விசாரியுங்கள். மூன்று நான்கு ஆர்க்கிடெக்டுகளின் பெயரைக் கொடுத்து, தலைமை ஆசிரியரும் ஊர்ப் பெற்றோரும் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கட்டும். உங்கள் கம்பெனியின் மொத்தச் செலவில் அது சின்னத் தொகையாகத்தான் இருக்கும். நிர்வாக இயக்குநரிடம் எடுத்துச் செல்லும்போது, கொலம்பஸில் எஞ்சினியர்கள் எப்படி வந்து தங்கினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், அது அவர்களுக்குச் சீக்கிரம் புரியும். அப்புறம், போர்டில் யார் பெயர் எழுதுவது என்ற பேச்சு வரும்போது, அந்தப் பள்ளியில் நீண்ட நாள் வேலை பார்த்த ஒரு டீச்சரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.